கங்கை எந்தப் பக்கம்? ஆற்றுக் கப்பல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கங்கையில் சுற்றுலாக் கப்பல் விடுகிறவர்களுக்கும், பயணிகளை எந்த ஊரில் எத்தனை மணிக்கு இறக்கி எத்தனை மணிக்கு ஏற்றுவது என்று அட்டவணை போடுகிறவர்களுக்கும்,

வணக்கம். தில்லி ஆர்.கே. புரத்திலிருந்து எழுதுகிறேன். மத்திய அரசின் கணக்குப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் இந்த மடலில் கொஞ்சம் கூட்டல் கழித்தல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி கடைசியில் என் அம்மாவும் நானும் பாட்னாவில் உங்களில் ஒருவருடைய கப்பலில் ஏறினோம். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. ஒருவரைப் பிடித்துத் திட்டிவிட்டுப் போவது என் நோக்கமில்லை. திரும்பி வந்தபின் எங்கள் பேட்டை முருகன் கோவிலான மலை மந்திர் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் இரண்டு குடும்பங்களோடு பேசிப் பார்த்தேன். அவர்கள் போனது வேறு வேறு கப்பல். கதை மட்டும் ஒன்றுதான்.

அம்மாவுக்கும் காசிக்கும் 1958-இல் தொடங்கிய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. கும்பகோணத்திலிருந்து பாட்டியோடு ரயிலேறிப் போய், கேதார் காட் என்ற படித்துறைக்குப் பின்னால் ஒரு சந்தில், தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் பத்து நாள் தங்கியிருக்கிறாள். கேதாரேசுவரர் கோவிலின் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த சுவர், படிகளுக்கு நடுவே இருக்கும் கௌரி குண்டம், அந்தக் குண்டத்தில் பாட்டியின் பித்தளைச் சொம்பைத் தவறவிட்டு முதுகில் ஒன்று வாங்கியது, எல்லாம் அவளுக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

கல்யாணமாகித் தில்லிக்கு வந்து ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. காசி இங்கிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம். போகவில்லை. அப்பாவுக்கு லீவு கிடைக்காது. கிடைத்தால் ஊரில் ஒரு கல்யாணம் இருக்கும். எல்.டி.சி. என்கிற அரசு விடுமுறைப் பயணச் சலுகை முழுவதும் கும்பகோணத்துக்கே சரியாகிவிடும். பக்கத்து ஊர்தானே, அப்புறம் போனால் போகிறது என்று தள்ளித் தள்ளி, கடைசியில் அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன.

முழங்கால் போனவர்களுக்குக் காசி இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஏனென்றால் காசி என்றால் படி. சந்து முடிகிற இடத்தில் திடீரென்று ஆகாயம் திறக்கும், கீழே ஆறு தெரியும், நடுவில் படிகள். எண்பத்து நான்கு படித்துறைகள் என்பார்கள். அதில் ஒரு துறையில் இறங்கி ஏறுவதற்கே நல்ல கால் வேண்டும். இந்தச் சமயத்தில்தான் உங்கள் விளம்பரத் தாள் கண்ணில் பட்டது. அட்டைப் படத்தில் கப்பலின் மேல்தளத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி டீ குடிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், காலை வெயிலில், வரிசையாகப் படித்துறைகள். அம்மா அந்தத் தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “படியே இறங்க வேண்டாமாடி?” என்றாள். அந்த ஒரு படத்தை நம்பித்தான் பணம் கட்டினோம்.

கப்பலைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அறை சுத்தம். சாப்பாட்டில் அம்மாவுக்கென்று காரம் குறைத்துப் பருப்பு செய்து கொடுத்தார்கள். எல்லாவற்றையும்விட, ஆறு. தில்லிக்காரர்களுக்கு ஆறு என்றால் பாலத்தைக் கடக்கும்போது கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிற இடம். அப்படிப்பட்டவர்களை நாலு நாள் தண்ணீரின் மேல் உட்காரவைத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கத்தில் ஓர் ஆள் மூங்கில் கழியோடு நிற்பார். கழியில் சிவப்பும் வெள்ளையுமாக அளவு போட்டிருக்கும். தண்ணீரில் குத்துவார், எடுப்பார், எண்ணைச் சொல்வார், மறுபடி குத்துவார். கப்பலில் ஆழம் காட்டும் கருவி இருந்தும் இந்தக் கழியைத்தான் நம்புகிறோம் என்று அவர் சிரித்தார். மணல் மேடு ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறுமாம். அம்மா அவருக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டாம் நாள் அவருக்கு முன்னால் இவளே ஹிந்தியில் ஆழம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பாதிக்குப் பாதி சரியாகவும் இருந்தது.

ஆற்றுக்கு நடுவே சில இடங்களில் மூங்கில் தட்டிகளை வரிசையாக நட்டிருந்தார்கள். தட்டி தண்ணீரை ஒரு பக்கமாக ஒதுக்கும். ஒதுங்கிய தண்ணீர் வேகம் பிடித்து, கப்பல் போகிற தடத்தில் இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போய்விடும். எவ்வளவு எளிய வேலை! பீப்பாய்ப் பாலம் வந்தால் நாலு பீப்பாயைக் கழற்றிக் கப்பலுக்கு வழிவிட வேண்டும். அதுவரை பாலத்தின் இரண்டு பக்கமும் சைக்கிளும் பைக்கும் பால் கேன்களும் நிற்கும். அவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள், நாங்கள் அவர்களை. ஒரு சாயங்காலம் ‘சூன்ஸ்’ என்று ஊர்க்காரர்கள் சொல்லும் கங்கை டால்ஃபின் மூன்று முறை முதுகு காட்டிவிட்டுப் போயிற்று.

பக்ஸரில் 1764 யுத்தத்தின் கதை. காஜிப்பூரில் கார்ன்வாலிஸ் சமாதி. இரண்டாம் முறை கவர்னர் ஜெனரலாக வந்த சில மாதங்களிலேயே, 1805-இல், அந்த ஊரில் இறந்து போனவர். “ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணை வாங்கினது இவர்தான்” என்று நான் சொன்னதும், அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து இன்னொரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போதுதான் சொன்னார்கள். காஜிப்பூருக்கு மேலே தண்ணீர் போதாது, நாளை காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் பஸ்ஸில் காசிக்குப் போகிறோம், பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடுங்கள்.

தண்ணீர் குறைவதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஹல்தியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1,620 கிலோமீட்டர் கங்கைத் தடத்தை 1986-இல் முதலாம் தேசிய நீர்வழியாக அறிவித்தார்கள். அதில் காஜிப்பூர் - காசி துண்டுக்கு அரசுத் திட்டம் வைத்திருக்கும் ஆழமே 2.2 மீட்டர்தான். கீழே, பாட்னாவுக்குக் கிழக்கே பாட் என்ற ஊர் வரைக்கும் 3 மீட்டர். மேலே போகப் போக ஆறு மெலிகிறது. 2023 ஜனவரி 13 அன்று காசியிலிருந்து திப்ருகட் வரை 51 நாள், 3,200 கிலோமீட்டர் என்று ஊரெல்லாம் பேசிக் கிளம்பியதே, அந்தக் கங்கா விலாஸ் கப்பலுக்கு மிதக்க 1.4 மீட்டர் தண்ணீர் போதும். ஆழம் குறைந்த ஆற்றுக்கென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஆக, இந்தத் துண்டில் ஒவ்வொரு சாணும் கணக்கு என்பது உங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மாசி பிறந்தால் தண்ணீர் இன்னும் இறங்கும் என்பதும் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது. பணம் கட்டிய ரசீதோடு வந்த பதினான்கு பக்க நிபந்தனைகளில், பதினோராம் பக்கத்தில், எறும்பு எழுத்தில் “நீர்மட்டத்தைப் பொறுத்து” என்று ஒரு வரி இருந்தது. வாழ்நாள் முழுக்கக் கோப்புகளின் அடிக்குறிப்பைப் படித்துப் பிழைத்தவள் நான். எனக்கே அது கண்ணில் படவில்லை.

சரி, பஸ். நெடுஞ்சாலை நன்றாகவே இருந்தது. காசியின் எல்லையைத் தொட்டதும் ஆட்டோ, ஈ-ரிக்‌ஷா, ஊர்வலம் ஒன்று, நடு ரோட்டில் ஒரு காளை. திரை போட்ட கண்ணாடி வழியாக அம்மா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு டயர்க் கடை, ஒரு கோச்சிங் சென்டர், ஒரு மேம்பாலத் தூண். “ஏண்டி, கங்கை எந்தப் பக்கம்?” என்றாள். எனக்கும் தெரியவில்லை. அறுபத்தேழு வருஷம் கழித்து வருகிறவளை ஊர் இப்படியா வரவேற்க வேண்டும்?

இனி கணக்கு. பஸ் ஹோட்டலை அடைந்தது 11.40. சாப்பாடு முடிய 1.15. சாரநாத் போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்ப 3.30. சாரநாத்தில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அருங்காட்சியகத்துச் சிங்கத் தலைகளின் முன்னால் இன்னும் அரை மணி கொடுத்திருந்தால் வேண்டாம் என்றிருக்க மாட்டேன். அதற்கப்புறம் பட்டுச் சேலை ஷோரூம். நேரம் 55 நிமிடம். அட்டவணைத் தாளில் இது “நெசவு அனுபவம்” என்று இருந்தது. வாசலில் ஒரு தறி, அதில் ஐந்து நிமிடம் நெய்து காட்டிய ஒரு பெரியவர், பிறகு உள்ளே வெள்ளை மெத்தை, காகிதக் குவளையில் டீ, கடைப் பையன்கள் வீசி விரிக்கும் சேலைகள். காஞ்சிபுரத்தையும் கும்பகோணத்தையும் பார்த்து வளர்ந்த அம்மா ஒரு ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். சாயங்காலம் ரிக்‌ஷா, கொஞ்சம் நடை, தசாசுவமேத காட். அங்கிருந்து ஆரத்தி பார்க்கப் படகு. திரும்பி ஹோட்டல். மறுநாள் காலை ஏழு மணிக்கு விமான நிலையத்துக்கு வண்டி. விசுவநாதர் தரிசனத்துக்கு எதிரே “நேரமிருந்தால்” என்று போட்டிருந்தார்கள். இருக்கவில்லை.

இதில் கங்கையைக் கண்ணால் பார்த்த நேரம் ஒரு மணி நாற்பது நிமிடம். அதுவும் இருட்டில். காசிக்குப் போய் விடியற்காலை ஆற்றைப் பார்க்காமல் திரும்பியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். அங்கே கங்கை வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. ஊர் முழுக்க மேற்குக் கரையில், கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. எதிர்க்கரையில் வெறும் மணல். அதனால் சூரியன் கிளம்பினால் முதல் வெளிச்சம் நேரே படிகள்மேல்தான் விழும். உங்கள் அட்டைப் படம் எடுக்கப்பட்ட நேரமும் அதுதான். அந்த நேரத்தில் நாங்கள் கண்டோன்மென்ட் பக்கத்து ஹோட்டலில் டோஸ்ட்டுக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தோம்.

ஆரத்தியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த விஷயத்தில் படகுக்காரர்களுக்குத்தான் யோகம். தீபம் காட்டுகிறவர்கள் ஆற்றைப் பார்த்து நிற்பதால், கரையில் இருக்கிறவர்களுக்கு முதுகு தெரியும், நமக்கு முகம் தெரியும். அம்மா கைகூப்பியபடி இருந்தாள். முடிந்ததும் என் தோளைத் தட்டி, “கேதார் காட் இங்கேருந்து பக்கம்தான். போகச் சொல்லேன்” என்றாள். தசாசுவமேதத்திலிருந்து கேதார் காட் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மோட்டார் படகில் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிவிடும்? வழிகாட்டிப் பையனிடம் கேட்டேன். நல்ல பையன். “ஆன்ட்டி, அது புரோகிராமில் இல்லை. அங்கே என்ன இருக்கிறது?” என்றான்.

அங்கே என்ன இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் வந்து மடம் அமைத்தது அந்தப் படிகளுக்கு மேலேதான். மடம் இன்றும் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மேலே போனால் அனுமன் காட். அத்தை குப்பம்மாள் வீட்டில் பாரதி 1898-இலிருந்து நாலு வருஷம் இருந்து படித்தது அங்கேதான். அந்தச் சந்துகளில் இன்றைக்கும் தமிழில் போர்டு எழுதிய கடைகளும் சத்திரங்களும் உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து தினமும் விசுவநாதருக்குப் பூஜைப் பொருள்கள் “சம்போ, சம்போ” என்ற கோஷத்தோடு தெருவில் போகின்றன. நம்மைப் போன்ற ‘மதராசி’ப் பயணிகள் கப்பலில் நாலு பேர் இருந்தோம். எங்களுக்காக அந்த ஊர் வைத்திருந்த பக்கம் இது. ஒரு வங்காளிக்கும் மராட்டியருக்கும் நேபாளிக்கும் அங்கே வேறு வேறு படித்துறைகள் இருக்கின்றன. காசி எல்லோருக்கும் ஒரே காசி இல்லை. ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதைக் காட்ட முடியாது.

எனவே நான் கேட்பது. டிசம்பர் தாண்டிய பயணங்களுக்கு, கப்பல் காசி வரை போகுமா போகாதா என்பதைப் பணம் வாங்குகிற பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் போடுங்கள். போகாது என்று தெரிந்தால் ஒளிக்காதீர்கள், வருகிறவர்கள் எப்படியும் வருவார்கள். பஸ்ஸில்தான் கூட்டிப்போக வேண்டும் என்றால், ஹோட்டலுக்குக் கொண்டுபோகாமல் நேரே மாளவியா பாலத்துக்குப் பக்கத்தில் நமோ காட் படித்துறைக்குக் கொண்டுபோங்கள். ஆற்றங்கரை அருகே வரை வண்டி போகிற இடம் அது. அங்கே படகுகளைத் தயாராக வைத்திருந்து எங்களை ஏற்றிவிடுங்கள். பஞ்சகங்கை, மணிகர்ணிகை, சாய்ந்து நிற்கும் ரத்னேசுவரர் கோவில், தசாசுவமேதம், கேதார், அரிச்சந்திர காட், அனுமன் காட், அஸ்ஸி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். நீங்கள் விற்ற படம் அப்படியே கண்முன்னால் வந்துவிடும். ஒரு படி இறங்க வேண்டாம். கப்பல் வராமல் போனதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்தப் படகுகளை உள்ளூர் நிஷாத் சமூகத்துப் படகோட்டிகளிடமே எடுங்கள். பெரிய கப்பல்கள் வந்ததிலிருந்து பிழைப்பு போகிறது என்று அவர்கள் போராடியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஆரத்திப் படகை ஓட்டியவரிடம் கேட்டபோது, அஸ்ஸியிலிருந்து ராஜ்காட் வரை ஒவ்வொரு படித்துறைப் பெயரையும் மூச்சு விடாமல் சொன்னார். காதில் மாட்டிக்கொள்ள நீங்கள் கொடுத்த கருவியில் அதில் ஐந்து பெயர்தான் வந்தது.

இன்னொன்று, இரண்டு இரவு. ஒரு இரவு காசிக்குப் போதாது. இரண்டாம் நாள் அரை நாளை ஒன்றும் போடாமல் காலியாக விடுங்கள். சேலை வாங்குகிறவர்கள் சேலை வாங்கட்டும், தூங்குகிறவர்கள் தூங்கட்டும், கேதார் காட் போகிறவர்கள் போகட்டும். ஒரு நம்பிக்கையான ஆட்டோக்காரர் எண்ணும் ஒரு படகோட்டி எண்ணும் எழுதிக் கொடுத்தால் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். கணக்குக்காரி என்பதால் கேட்கிறேன், காலியாக விடுகிற அரை நாளுக்கு உங்களுக்குச் செலவு ஏது?

இதை இப்போதே எழுதக் காரணம் உண்டு. எங்கள் ஊரிலும் யமுனையில் உல்லாசப் படகு விட 2025 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். சோனியா விஹாரிலிருந்து ஜகத்பூர் வரை, 4 கிலோமீட்டர். வஜீராபாத் தடுப்பணைக்கு மேலே என்பதால் அங்கே தண்ணீர் தண்ணீராக இருக்கும். அந்த அணைக்குக் கீழே நஜஃப்கட் வாய்க்கால் வந்து விழுந்த பிறகு ஆறு எப்படி ஆகிறது என்பதைத் தில்லிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நிகம்போத் காட் படித்துறையும் சலீம்கட் கோட்டையும், ஷாஜகான் காலத்தில் யமுனை மதிலை ஒட்டி ஓடிய செங்கோட்டையும் எல்லாம் அந்தக் கீழ்ப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பழைய தில்லியை ஆற்றிலிருந்து பார்க்கலாம் என்று நாளை ஒருவர் அட்டைப் படம் போடுவதற்கு முன்னால், காசியில் படகு விடுகிறவர்கள் ஒழுங்காக ஒரு வழி காட்டிவிட்டால் எங்களுக்கும் நல்லது.

காசிக்குப் போனால் பிடித்த காயோ பழமோ ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது நம் வழக்கம். அம்மா கத்தரிக்காயை விடுவதாகப் புறப்படும் முன்பே அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். எங்கள் மாடியில் எல்லோருக்கும் அது ஒரு அதிர்ச்சிச் செய்தி. திரும்பி வந்த அன்று ராத்திரி என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன். “கத்தரிக்காய்க் கொத்சு” என்றாள். நான் பார்த்த பார்வைக்கு, “நான் இன்னும் காசிக்குப் போகலைடி” என்று பதில் வந்தது.

ஐப்பசி முடிந்ததும் வந்தே பாரத்தில் போகிறோம். எட்டு மணி நேரம், பகல் ரயில். முழங்கால் மருத்துவரிடம் கேட்டாயிற்று. நமோ காட்டில் ஏறி, கேதார் காட் படிக்குக் கிட்டே படகை நிறுத்தச் சொல்லி, இறங்காமல் உட்கார்ந்தபடியே பார்ப்பதாகத் திட்டம். போன வாரம் அம்மா பரணிலிருந்து பித்தளைச் சொம்பு ஒன்றை இறக்கச் சொன்னாள். புளி போட்டுத் தேய்த்து, ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பயணி ஒருத்தி,
ஆர்.கே. புரம், தில்லி